கயவனுக்குக் கிருபை உண்டோ?

தோட்டத்துக் கிராணியாக நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய ஆங்கில நாவல்களைக் கொண்டுவந்து நம் மேசைமீது கவிழ்த்தார். பட்டணத்தில் ஆசிரியையாக இருக்கும் அவருடைய மகளின் அலமாரியிலிருந்து எடுத்தவையாம். "இவற்றைக் கொளுத்துவதா, விட்டுவைப்பதா? நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அட்டைகளை நோக்கினோம். ஒன்றில் கோதுமை வயலும் முக்காடிட்ட மங்கையும். மற்றொன்றில் இருண்ட காடும் கைவிளக்கேந்தி ஓடும் பெண்ணும். எல்லாவற்றினுள்ளும் எங்கோ ஒரு தேவாலயம், ஒரு பிரார்த்தனை, இறுதியில் ஒரு திருமணம். கிறிஸ்தவக் காதல் நாவல், கிறிஸ்தவ மர்ம நாவல் என்று அமெரிக்காவில் பெயர் பெற்று, கடல் கடந்து நம் நாட்டுப் புத்தகக் கடைகளுக்கும் வந்து சேரும் வகை இது.

முப்பது வயது நிரம்பிய மகளின் அலமாரியைத் தந்தை திறந்து பார்த்தது முறைதானா என்பது வேறு வழக்கு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம். அவரும் கேட்டுக்கொண்டார், ஆனால் டின்னை எடுத்துச் செல்லவில்லை. ஆகவே மூன்று வாரம் இவற்றோடு காலங் கழித்தோம்.

நிற்க. இந்நாவல்களைப் பற்றி நம்மவருள் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. கற்றறிந்தோர் எனத் தம்மைக் கருதுவோர், "இவை பொழுதுபோகாத பெண்கள் படிக்கும் குப்பை" என்று மூக்கைச் சுளிப்பர். பக்திமான்களோ, "இவற்றில் வசைச்சொல் இல்லை, படுக்கையறைக் காட்சி இல்லை, ஆகவே நம் வீட்டுப் பெண்களிடம் நம்பிக் கொடுக்கலாம்" என்பர். இருசாராரும் ஒருவரையொருவர் இகழ்ந்தாலும் ஒரு செய்கையில் ஒன்றுபட்டவர்கள்: இரு சாராருமே இவற்றைப் படித்ததில்லை. முன்னவர் பெண்களை இழிவாக நினைக்கிறார். பின்னவர் பெண்களைக் குழந்தைகளாக நினைக்கிறார். நாம் இவ்விரண்டையும் தள்ளி, இந்நூல்கள் தாமே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும் சொல்லைக் கொண்டே இவற்றை அளக்க விரும்புகிறோம். அச்சொல் கிருபை என்பது.

சீர்திருத்தச் சபையார் கிருபை என்பதைக் கத்தோலிக்கர் இன்று அருள் என்பர். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே. தகுதி இல்லாதவனுக்கு, கேட்கவும் உரிமை இல்லாதவனுக்கு, விலையின்றி வந்து சேர்வது அது. தகுதியுடையவனுக்குக் கொடுப்பது கிருபையன்று, கூலி. கூலிக்கும் கொடைக்கும் உள்ள வேற்றுமையைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ வேதத்தில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 15-ம் அதிகாரத்தில் வரும் தந்தை, சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த இளைய மகனை ஓடிப்போய்க் கட்டித் தழுவுகிறார்; ஒழுங்காக உழைத்த மூத்தவன் வாசலில் நின்று கோபிக்கிறான். அதே நூலின் 23-ம் அதிகாரத்தில், சிலுவையில் தொங்கும் கள்வனுக்குப் பரதீசு வாக்களிக்கப்படுகிறது. இவ்விரு கதைகளையும் நம்புவோர், நம்பாதோர் யாவரும் ஒப்பக்கூடியது ஒன்றுண்டு: இங்கே நல்லவனுக்குக் கோபம் வருகிறது. நல்லவனுக்குக் கோபம் வராத இடத்தில் கிருபை என்ற சொல்லைப் பயன்படுத்துவது வெறும் அலங்காரமே. ஆகவே, கிருபையைப் பற்றியது என்று விளம்பரம் செய்துகொண்டு வரும் நாவலைப் படிக்கப் புகுவோர், அதன் நாயகி எத்துணை அழகாகப் பிரார்த்திக்கிறாள் என்று பார்க்க வேண்டாம். அதில் வரும் கயவனுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே நம் கட்சி.

இத்துறையின் வரலாறு இழிவானதன்று. 1865-ல் பிறந்து 1947-ல் மறைந்த கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் என்னும் அம்மையாரை இதற்குத் தாய் எனலாம். (கிரேஸ் என்ற அவர் பெயருக்கே கிருபை என்றுதான் பொருள்.) 1899-ல் கணவரை இழந்து, இரண்டு பெண்மக்களைக் காப்பாற்ற எழுதுகோலை நம்பியவர் அவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். கைம்பெண் ஒருத்தி தன் எழுத்தால் தன் குடும்பத்தைத் தாங்கினாள் என்பதற்காகவே நாம் அவருக்குத் தலைவணங்குவோம். அவருக்குப் பின் 1979-ல், கனடா நாட்டு ஜானெட் ஓக் அம்மையார் 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்ற சிறு நாவலை வெளியிட்டார். இன்று கடையில் தனி அலமாரி நிறையக் காணும் கிறிஸ்தவக் காதல் நாவல்களுக்கு வழி திறந்தது அந்நூலே என்பர்.

அது எளிய கதை. மேற்குநோக்கிக் குடியேறச் செல்லும் வழியில் கணவனை இழந்து, வயிற்றில் பிள்ளையோடு நடுவெளியில் நிற்கிறாள் மார்ட்டி என்னும் இளம்பெண். மனைவியை இழந்து சிறு பெண்குழந்தையோடு தவிக்கும் கிளார்க் என்னும் குடியானவன், தன் குழந்தைக்குத் தாயாக இருக்கும்படி கேட்டு அவளை மணக்கிறான். இளவேனிலில் கிழக்கே திரும்பும் வண்டி வரும்போது அவள் போக விரும்பினால் தானே செலவு கொடுத்து அனுப்புவதாகவும், குழந்தையை உடன் அழைத்துச் சென்றால் போதும் என்றும் வாக்களிக்கிறான். இக்கதையில் கயவன் இல்லை, கொலை இல்லை, காப்பி காய்ச்சத் தெரியாத பெண்ணும், குறை சொல்லாமல் காத்திருக்கும் ஆணும் மட்டுமே உளர். போகலாம் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒருவன் காத்திருக்கிறானே, அதுதான் அந்நூலின் உயிர். இதனைக் குப்பை என்பார் ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லட்டும். நடையில் பெருஞ்சிறப்பு இல்லை என்பதை நாமும் ஒப்புகிறோம். எனினும் பொய் இல்லை.

ஆனால் எங்கே பணம் விளைகிறதோ அங்கே கம்பெனி வந்து சேரும் அன்றோ? 1949-ல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் தோன்றி, காதல் நாவலைச் சோப்புக்கட்டி போல் மாதந்தோறும் அச்சில் வார்த்துத் தள்ளிய ஹார்லெக்வின் கம்பெனி, 1997-ல் 'லவ் இன்ஸ்பயர்டு' என்ற கிறிஸ்தவ வரிசையைத் தொடங்கிற்று. 2005-ல் அதற்கு மர்ம நாவல் பிரிவு ஒன்றும் ஏற்பட்டது. எழுதுவோருக்கு அளவு உண்டு, விதி உண்டு: ஏறத்தாழ 55,000 சொற்கள், வசை கூடாது, கலவி கூடாது, முடிவு இன்பமாதல் வேண்டும். 2014-ல் இக்கம்பெனியை நியூஸ் கார்ப்பரேஷன் வாங்கித் தன் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தோடு இணைத்தது. வேதாகமங்களை அச்சிட்டு விற்கும் சொண்டர்வான் 1988-லேயே அக்குடைக்கீழ் வந்துவிட்டது. தாமஸ் நெல்சன் 2012-ல் வந்து சேர்ந்தது. லண்டனில் 1970 முதல் 2015 வரை மூன்றாம் பக்கத்தில் மார்பு திறந்த மங்கையர் படத்தை அச்சிட்டுப் பிழைத்த 'சன்' பத்திரிகையும் இந்த முதலாளிக் குடும்பத்தின் உடைமையே. வேதமும் அவர்களே அச்சிடுவது; நிர்வாணமும் அவர்களே அச்சிட்டது. இதனால் அந்நாவல்கள் யாவும் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. எழுதும் அம்மையார்களில் நெஞ்சார நம்பி எழுதுவோர் பலர் உண்டு. ஆனால் 'தூய்மை' என்று அட்டையில் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அன்பர்கள், தாம் வாங்குவது ஒரு கொள்கையையா, ஒரு சரக்குக் குறியையா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் நலம்.

இனி மர்ம நாவல்களுக்கு வருவோம். நம் வழக்கு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

டின்னில் வந்தவற்றுள் மர்ம நாவல்கள் மட்டும் பதினொன்று. அவற்றின் பெயர்களை மாற்றி ஒட்டினாலும் வாசகர் கண்டுபிடிக்கமாட்டார். கொலையைக் கண்ணால் கண்ட பெண் ஒருத்தி. அவளைக் காக்க வரும் போலீஸ்காரன் அல்லது பழைய படைவீரன் ஒருவன். அவனுடைய நெஞ்சில் ஒரு பாரம். என்ன பாரம்? முன்பொருநாள் துப்பாக்கிச் சண்டையில் அவனுடைய தோழன் இறந்துவிட்டான். தான் காப்பாற்றியிருக்கலாமே என்று இவன் ஏங்குகிறான். நாயகிக்கும் ஒரு பாரம் உண்டு: தந்தையின் மரணப்படுக்கைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. இருவரும் ஒரு மலைக்குடிலில் பனிப்புயலில் சிக்குகின்றனர். அங்கே கிருபை இறங்கிவருகிறது. "நீ உன்னையே மன்னித்துக்கொள், ஆண்டவர் உன்னை மன்னித்துவிட்டார்" என்று ஒருவர்க்கொருவர் சொல்லி அழுகின்றனர். அழுது முடிந்ததும் கதவு உடைகிறது, கயவன் உள்ளே வருகிறான், துப்பாக்கி வெடிக்கிறது, கயவன் சாகிறான். அடுத்த அத்தியாயத்தில் மணியோசை, மணமாலை, சுபம்.

வாசகரே, இதனைச் சற்று நிறுத்தி நோக்குங்கள். தோழன் இறந்தது நாயகன் செய்த குற்றமா? இல்லை. தந்தை இறந்தபோது இரயில் தாமதமானது நாயகி செய்த பாவமா? இல்லை. ஆக, மன்னிக்க வேண்டிய குற்றம் எதுவும் செய்யாத இருவர்மேல் மன்னிப்பு மழையாகப் பொழிகிறது. குற்றம் செய்தவன், உண்மையிலேயே இரத்தம் சிந்தியவன், கிருபை என்ற சொல்லுக்கு இக்கதையில் பாத்தியதை உள்ள ஒரே மனிதன், அவனுக்குக் கிடைப்பது ஈயக் குண்டு. அவன் ஏன் கொன்றான், யார் பெற்ற பிள்ளை, செத்தபோது யார் அழுதார் என்பதற்கெல்லாம் அரைப்பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. பசித்தவனை வாசலில் நிறுத்திவிட்டு, உண்டு களைத்தவனுக்குப் பந்தி விரிப்பதன்றோ இது!

"மர்ம நாவலில் கயவன் சாகாமல் வேறென்ன செய்வான்? அவனையும் அழைத்துவந்து நற்கருணை கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. அவன் சாகட்டும், சிறைக்குப் போகட்டும், இறுதிவரை மனந்திரும்பாமலே இருக்கட்டும். ஆனால் அவனும் கிருபையின் கணக்கில் ஒருவன் என்பதை நாவலாசிரியர் மறந்துவிடலாகாது. மறப்பின், அவர் எழுதியது வேறு நூறு கம்பெனிகள் விற்கும் அதே துப்பாக்கிக் கதைதான். இடையிடையே ஜெபம் தூவப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

"பெரிய இலக்கியங்களோடு இச்சிறு கதைகளை ஒப்பிடுவது நியாயமா?" என்றும் கேட்பர். நியாயமே. ஏனெனில் நாம் ஒப்பிடப்போகும் நூல்களும் மர்மமும் காதலும் கலந்து, சாதாரண ஜனங்கள் மூச்சுப் பிடித்துக்கொண்டு படித்தவைதாம். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' 1866-ல் ஒரு ருஷ்யப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்து படித்தார்கள். அதில் கயவன் யார்? கதாநாயகனே. வட்டிக்கடைக் கிழவியைக் கோடரியால் வெட்டிக் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்த அவளுடைய தங்கை லிசவேத்தாவையும் கொல்கிறான். பிறகு, குடும்பத்தின் பசிக்காகத் தன் உடலை விற்கும் சோனியா என்னும் பெண்ணிடம் போய், மரித்த லாசரு எழுந்த கதையை வாசிக்கச் சொல்கிறான். அவள் வாசிக்கும் அப்புத்தகம் யார் கொடுத்தது? இவன் கொன்ற லிசவேத்தாவே கொடுத்தது. கொலையுண்டவளின் புத்தகத்திலிருந்து கொலைகாரனுக்கு நற்செய்தி வாசிக்கப்படுகிறது. அந்த அறையில் எரிந்த மெழுகுவர்த்தியின் வெளிச்சத்தில் நமக்கு உண்டாகும் நடுக்கம், பனிப்புயல் குடில்கள் பதினொன்றிலும் சேர்த்து உண்டாகவில்லை.

பின்னர் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது சோனியா என்ன செய்தாள்? கட்டித் தழுவினாள்; அழுதாள்; கூடவே வருவேன் என்றாள். ஆனால், "மன்னித்தேன், மறந்துவிடு" என்று சொல்லவில்லை. நாற்சந்திக்குப் போய், நீ கறைப்படுத்திய மண்ணை முத்தமிட்டு, நான் கொலைகாரன் என்று எல்லோர் காதிலும் விழச் சொல் என்றாள். எட்டு வருஷம் சைபீரியாவில் கடுங்காவல். அவளும் அங்கே போனாள். அன்பு குறையவில்லை, தண்டனையும் குறையவில்லை.

விக்தர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ல்' 1862-ல் வந்தது. நம்மவர்க்கு அது புதிதன்று; கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தர, 1950-ல் அப்பெயரிலேயே படமாக வந்து, அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே வழங்கப்பட்டார். ரொட்டி திருடியதில் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்த ழான் வால்ழான், அன்னமிட்ட பிஷப்பின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். பிடித்துவந்த காவலரிடம் பிஷப், "நான் கொடுத்தவைதாம்" என்று சொல்லி, இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். இது யாவரும் அறிந்த கட்டம். இதற்கு அடுத்த கட்டத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். வெள்ளியோடு வெளியே வந்த வால்ழான், வழியில் எதிர்ப்பட்ட ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்துப் பறித்துக்கொள்கிறான்! கிருபை கிடைத்து ஒருநாள்கூட ஆகவில்லை. பையன் அழுதுகொண்டு ஓடிய பிறகே அவனுக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஹ்யூகோ மனிதரை அறிந்தவர். நம் கம்பெனி நாவலாசிரியராயிருப்பின், விளக்குத்தண்டைக் கையில் வாங்கிய கணமே வால்ழானை முழந்தாளிடச் செய்து அத்தியாயத்தை முடித்திருப்பார்.

ஜாவரின் முடிவையும் நோக்குங்கள். சட்டம் ஒன்றே அறிந்த அம்மனிதனை வால்ழான் கொல்லாமல் விட்டுவிடுகிறான். தான் வேட்டையாடியவனிடமே உயிர்ப்பிச்சை பெற்றதை ஜாவரால் தாங்க முடியவில்லை. செய்ன் நதியில் விழுந்து மாள்கிறான். அவனுக்கும் கிருபை வந்தது. அவனால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. துரத்துவோனையும் கணக்கில் சேர்த்த நாவல் இது.

கிரஹாம் கிரீன் 1938-ல் எழுதிய 'பிரைட்டன் ராக்' அசல் மர்ம நாவலே. பதினேழு வயதுக் கொலைகாரன் பிங்கி. தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாமலிருக்க வேண்டி அவன் மணந்துகொள்ளும் அப்பாவிப் பெண் ரோஸ். பிங்கி மனந்திரும்பாமலே சாகிறான். ஆனால் ஒரு கிழப் பாதிரியார், அவனுக்கும் இரக்கம் இல்லை என்று நம்மால் சொல்லிவிட முடியாது என்கிறார். அதைச் சொல்லித் தேற்றிவிட்டு ஆசிரியர் போய்விடவில்லை. பிங்கி தன் வெறுப்பைப் பதிவு செய்துவைத்த இசைத்தட்டைக் கேட்க ரோஸ் வீடு நோக்கி நடப்பதோடு கதையை நிறுத்துகிறார். கொடுமை! எனினும் ஏமாற்றில்லை.

இவ்வளவும் இலக்கியச் சண்டை என்று எண்ணி, மாலைக் காப்பியோடு மறந்துவிடலாம். அப்படி மறக்க நமக்கு இயலாமற்போன காரணம் ஒன்றுண்டு.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் கணவன் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பான். ஒருநாள் அவள் வீங்கிய கன்னத்தோடு அண்டை வீட்டில் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தேற்ற வந்த பக்தியுள்ள ஒரு மூதாட்டி, நல்லெண்ணத்தோடுதான், இத்தகைய நாவல் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதைப் படி அம்மா, பொறுமை வரும்" என்றார். அக்கதையில் முரட்டுக் கணவனை மனைவி முந்நூறு பக்கம் மன்னிக்கிறாள். முந்நூற்றோராம் பக்கத்தில் அவன் மனந்திரும்பி அவள் மடியில் தலைவைத்து அழுகிறான். புத்தகத்தைப் படித்தவள் வீடு திரும்பினாள். அவள் வீட்டில் முந்நூற்றோராம் பக்கம் வரவில்லை. மறுமாதம் கை முறிந்தது.

அந்நூலின் பெயரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர விருப்பமில்லை. நாம் கேட்பது இது: கிருபை என்பது அடிபடுகிறவள் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய வரியா? அடிப்பவன் நாற்சந்திக்குப் போக வேண்டாவா? சோனியா கொலைகாரனை நேசித்தாள், ஆனால் மறைக்கவில்லை. ஜெர்மானியப் போதகர் போன்ஹோபர் 1937-ல் எழுதிய நூலில், மனந்திரும்புதல் இன்றி வழங்கப்படும் மன்னிப்பை மலிவுக் கிருபை என்று பெயரிட்டு, திருச்சபையின் பெரும்பகை அதுவே எனக் கண்டித்தார். அவர் வெறும் ஏட்டளவில் பேசியவரல்லர். ஹிட்லரை எதிர்த்து 1945 ஏப்ரல் 9-ல் தூக்குமேடையில் உயிர் கொடுத்தவர். சிங்கப்பூரில் 1961 முதல் மாதர் சாசனம் இருக்கிறது. மலேசியாவில் 1994-ல் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டங்களின்படி காப்பு ஆணை பெறும் பெண், மன்னிக்கும் தன்மையை இழந்தவள் அல்லள். அவள் வீட்டைவிட்டு வெளியேறிப் போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு தன் ஆலயத்திற்குப் போய் அவனுக்காகப் பிரார்த்திக்கலாம். எந்த வேதமும் அதைத் தடுக்கவில்லை. தடுப்பது முந்நூற்றோராம் பக்கமே.

இவ்விடத்தில் பிரான்சின் ரிவர்ஸ் அம்மையாரின் 'ரிடீமிங் லவ்' நாவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இவ்வகை நாவல்களுள் மிகப் பேர்பெற்றது அதுவே, டின்னிலும் மூலை மடங்கி நைந்துபோயிருந்தது அதுவே. 1991-ல் பொதுப் பதிப்பகம் ஒன்றின் வழியே வந்து, 1997-ல் திருத்தப்பட்டுக் கிறிஸ்தவப் பதிப்பகத்தின் வழியே மறுபடி வந்தது, 2022-ல் படமுமாயிற்று. பழைய ஏற்பாட்டில் ஓசியா தீர்க்கதரிசி, தன்னைவிட்டு ஓடிய மனைவியைப் பதினைந்து வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்ட கதையை, 1850-ஐ ஒட்டிய கலிபோர்னியாத் தங்கவேட்டைக் காலத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். சிறுமியாயிருக்கையிலேயே விற்கப்பட்ட ஏஞ்சல் என்பாளைக் குடியானவன் மைக்கேல் ஓசியா மணக்கிறான். அவள் அடியுண்டு நினைவு தப்பிய நிலையில் கேட்டுச் சம்மதம் பெறுகிறான். ஓடினால் தேடிப்போய்க் கொண்டுவருகிறான். இதனைக் காதல் என்று கொண்டாடுவோரோடு நாம் சேரமாட்டோம். விலைக்கு வாங்கியவனும் தூக்கி வந்தான். கிருபை கொண்டுவந்தவனும் தூக்கி வந்தான். தூக்கப்பட்டவளுக்கு என்ன வேற்றுமை? இக்கேள்வியை அந்நூலுக்கு வெளியே இருந்து நாம் கேட்பதாக நினைக்க வேண்டாம். நூலே கேட்டுக்கொள்கிறது. கடைசியாக அவள் போனபோது மைக்கேல் பின்தொடரவில்லை. மூன்று வருஷம் கடக்கிறது. அவள் சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போல் சிக்குண்ட பெண்களுக்கு ஓர் இல்லம் அமைக்கிறாள். பிறகு, தன் காலால் நடந்து வந்து, அதுவரை அவனிடம் சொல்லாத தன் சொந்தப் பெயரைச் சொல்கிறாள். அந்த இரண்டு பக்கங்களுக்காக மற்றவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜானெட் ஓக் திறந்துவைத்த கதவு இங்கேதான் மறுபடி திறக்கிறது.

டின்னில் இருந்தவற்றை ஒன்றுவிடாமல் நண்பரிடம் திருப்பிக் கொடுத்தோம். "கொளுத்த வேண்டாமா?" என்றார். "எடுத்த இடத்தில் வையுங்கள், எடுத்ததற்கு மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள்" என்றோம். அது அவருக்கு ருசிக்கவில்லை. அடிபட்ட பெண்ணுக்குப் புத்தகம் கொடுத்த மூதாட்டியையும் ஒருநாள் போய்ப் பார்த்தோம். அவர் நம்மைவிட அதிகமாக அழுதார். இப்போது அப்பெண் தங்கியிருப்பது அவர் வீட்டில்தான்.

நண்பர் போகும்போது, ஆங்கிலம் நன்கு படிக்கத் தெரிந்தவராதலால், ஹ்யூகோவின் நாவலைக் கையில் கொடுத்தனுப்பினோம். நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டார். சிறுவனின் நாணயத்தைப் பறிக்கும் இடம்வரை வந்திருக்கிறாராம். அந்தப் பிஷப் ஏமாந்துவிட்டார் என்பதில் அவருக்குக் கடுங்கோபம். அத்தகைய திருடனுக்கு விளக்குத்தண்டையும் சேர்த்துக் கொடுத்தவரை என்னென்பது என்று அரைமணி நேரம் பேசினார். மகளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா என்றோம். அடுத்த அத்தியாயம் முடியட்டும் என்றார்.